ஐப்பசி மழையும் பெயர் போடாத நடிகரும்

மேலைநாடுகளில் ஒக்டோபரில் இலை உதிரும். மாதக் கடைசியில் வரும் ஹலோவீனை முன்னிட்டுப் பலர் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களைத் தேடிப் பார்ப்பார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இலையை உதிரும்வரை யாரும் விட்டுவைப்பதில்லை, கொழுந்திலேயே கிள்ளிவிடுகிறோம். ஆனாலும் ஐப்பசி பிறந்து, காலையில் வெயிலும் பிற்பகலில் இடிமழையுமாகப் பொழுது கழிந்து, அந்தியில் எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் பனிமூட்டம் ஏறி வரும்போது, அந்தப் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது என்றே தோன்றும்.

சென்ற ஐப்பசியில் 1931ஆம் ஆண்டின் இரண்டு படங்களை மடிக்கணினியில் போட்டு அப்பாயியோடு உட்கார்ந்து பார்த்தேன். பெலா லுகோசி இரத்தம் குடிக்கும் பிரபுவாக நடித்த ‘டிராகுலா’வில் தொடக்க எழுத்துகளின்போது சாய்கோவ்ஸ்கியின் இசை சிறிது ஒலிக்கும்; அதன்பின் பின்னணி இசை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. அந்த வெறுமையை எங்கள் தகரக் கூரையில் விழுந்த மழை நிரப்பியது. எனக்கு முதுகு சிலிர்த்தது. அப்பாயி அசையவில்லை. “பங்களாவில இருந்துகிட்டு ரத்தத்த உறிஞ்சுற துரைய நான் பாக்காததா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அவரை அப்படி விடவில்லை. அதில் பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு விஞ்ஞானியால் படைக்கப்பட்டவனாக வரும் போரிஸ் கார்லோஃபுக்கு ஒரு சொல் வசனம்கூடக் கிடையாது என்பதால், ஆங்கிலம் தெரியாத அப்பாயியும் நானும் அவனைச் சமமாகவே புரிந்துகொண்டோம். (1935இல் வந்த அடுத்த படத்தில் அவன் பேசக் கற்றுக்கொள்கிறான், எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.) கன்னம் ஒட்டித் தெரிய வேண்டும் என்பதற்காகக் கார்லோஃப் தமது செயற்கைப் பற்களைக் கழற்றிவிட்டு நடித்தாராம். ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனையின் கனத்தையும் மீறி அந்தக் கண்கள் கெஞ்சுகின்றன.

ஏரிக்கரையில் ஒரு சிறுமி அவனோடு சேர்ந்து பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்க விடுகிறாள். பூத் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளையே தூக்கிப் போட்டுவிடுகிறான். போட்ட பிறகுதான் பதறுகிறான். அக்காலத்துத் தணிக்கையாளர்கள் அவன் கை நீட்டும் இடத்தோடு காட்சியை வெட்டிவிட்டதால், அடுத்து தகப்பன் பிணத்தைச் சுமந்து வருவதைக் கண்டவர்கள் நடந்ததைவிடக் கொடியதைக் கற்பனை செய்திருப்பார்கள். அந்தத் துண்டு 1980களில்தான் மீண்டும் படத்தில் சேர்க்கப்பட்டது. அப்பாயி அழுதது சிறுமிக்காகவா அவனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

பிறகு, அவனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். கதையில் அவனுக்குப் பெயரே வைக்கவில்லை என்றும், படத் தொடக்கத்தில் நடிகரின் பெயர் வர வேண்டிய இடத்திலும் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தமிழர்களில் அப்பாயியும் ஒருவர். அடையாள அட்டையில் தம் பெயரைப் பார்க்கும்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது.

“கடைசியிலயாவது போட்டானுங்களா?”

போட்டிருந்தார்கள். படம் முடிந்தபின் வரும் பட்டியலில் கார்லோஃபின் பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை அவன் பெயர் என்று கேட்டார். திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.