ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்

எனக்குச் சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. தாலுகா ஆபீஸுக்கு எதிரே, பத்துக்குப் பத்து. ஒரு தாளைப் பார்த்ததும் அது மூலப் பிரதியா, நகலா, நகலுக்கு நகலா என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமை என் தம்பியை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவரும் என்று சில வாரங்கள் முழுசாக நம்பினேன். அது எப்படிப் போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2019-இல் நடந்தது இது. ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. தம்பி இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறான்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கல்குவாரி. வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரியும், கிணற்றுத் தண்ணீர் கலங்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தம்பியும் அவன் சேக்காளிகளும் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மனுவையும் நகல் எடுத்தது நான்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் டிப்பர் லாரிகளை மறித்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. நாலு நாள் கழித்து, ஜூன் 17 ராத்திரி, வீட்டுக் கதவைத் தட்டித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்றுகூடச் சொல்லவில்லை.

கைது என்றால் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். "உடனே தந்தி அடி" என்றார் பெரியப்பா. தந்தி 2013-லேயே நின்றுவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆளைக் கூட்டிப்போன நேரத்தை எழுத்தில், தேதியோடு, மேலதிகாரிகளுக்கு அனுப்பி வைத்துவிட்டால் பிறகு "மறுநாள் மாலை பேருந்து நிலையம் அருகே பிடித்தோம்" என்று எழுதுவது கஷ்டம். வக்கீல் அந்த ராத்திரியே கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் ரிமாண்ட் ஆனது.

ஜெயிலில் முதல் தடவை மனு பார்க்கப் போன நாளை மறக்க முடியாது. கைதியைப் பார்க்கப் போவதை அங்கே "மனு பார்ப்பது" என்றுதான் சொல்கிறார்கள். வேப்பமரத்தடியில் காலை ஏழு மணிக்கே வரிசை. ஆதார் நகல், சீட்டு, டோக்கன். உள்ளே இரண்டு வரிசைக் கம்பி வலை, நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். தம்பி வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். "கையைக் காட்டுடா" என்றேன். காட்டினான். மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்த்துக் கட்டியிருந்தது. விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"வழுக்கி விழுந்துட்டேன்க்கா."

சொன்னவன் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்தான். தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற எவருக்கும் இந்த வழுக்கல் தெரியும். பிடிபட்டவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுவார்கள், கையில் மாவுக்கட்டோடு போட்டோ வரும், நாம் சிரித்துக்கொண்டே பகிர்வோம். நானும் பகிர்ந்திருக்கிறேன். ரிமாண்ட் செய்யும்போது நீதிபதி "போலீஸ்காரர்கள் அடித்தார்களா?" என்று கேட்பது வழக்கம். கேட்டார்களாம். இவன் இல்லை என்று சொல்லியிருக்கிறான். திரும்பிப் போகும் வண்டியில் அதே ஆட்கள்தானே வருவார்கள்.

ஜாமீன் மனு ஜூலை 11 வியாழக்கிழமை விசாரணைக்கு வருவதாக இருந்தது. அம்மா புதன்கிழமையே ஆட்டுக்கால் வாங்கி வைத்துவிட்டாள். புதன் சாயங்காலம் வக்கீல் போன் செய்தார். "குண்டாஸ் போட்டுட்டாங்கம்மா. ஜெயில்லயே ஆர்டரைக் கையில கொடுத்துட்டாங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குண்டாஸ் என்பது 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். இதன் முழுப் பெயரைப் படித்தால் மூச்சு வாங்கும்: கள்ளச்சாராயம், போதைப்பொருள், வனக் குற்றம், மணல் கடத்தல், திருட்டு வீடியோ என்று வரிசையாகப் போகும், நடுவில் "குண்டர்கள்". 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஒரு வழக்கு இருந்தாலே போடலாம். கலெக்டரோ மாநகரப் போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் போதும், விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. 2017-இல் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போன திருமுருகன் காந்தி மேல் பாய்ந்ததும் இதுதான். நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்காகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி வளர்மதி மேல் பாய்ந்ததும் இதுதான். இரண்டையும் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வக்கீல் இதைச் சொல்லித்தான் எங்களைத் தேற்றினார். "குண்டாஸ் உடையும்மா. பெரும்பாலும் உடையும். எப்ப உடையும்ங்கிறதுதான் கேள்வி."

காவலில் வைத்த ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும். ஜூலை 15 அன்று கொடுத்தார்கள். நூல் போட்டுத் தைத்த தடித்த கட்டு. வக்கீல்கள் இதைப் புக்லெட் என்பார்கள். 118 பக்கம். கடையை மூடிவிட்டு ராத்திரி முழுக்கப் படித்தேன். அதில் வருகிற என் தம்பியை எனக்குத் தெரியாது. முக்கு ரோட்டில் அரிவாளைச் சுழற்றுகிறான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான், "பொதுமக்கள் உயிருக்குப் பயந்து அங்குமிங்கும் சிதறி ஓடினர், கடைக்காரர்கள் கடைகளை அடைத்தனர், வாகனங்கள் வேறு வழியில் திரும்பிச் சென்றன." எங்கள் முக்கில் இருப்பது ஒரே ஒரு டீக்கடை. மாமாவுடையது. அன்று கூட்டம் இருந்ததால் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடத் திறந்து வைத்திருந்தார். வக்கீலிடம் கோபமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "எல்லா புக்லெட்லயும் இந்த வரி இருக்கும்மா. பேரும் ஊரும்தான் மாறும். பொது ஒழுங்கு கெட்டுச்சுன்னு காட்டினாத்தான் இந்தச் சட்டம் நிக்கும்."

அப்படியானால் மாமாவைச் சாட்சி சொல்ல வைக்கலாமே என்றேன். அவர் சொன்ன பதில்தான் அடுத்த நாலரை மாதத்துக்கும் எனக்குப் பாடமாக இருந்தது. "இந்தக் காவலை எதிர்த்துப் போடற ஆட்கொணர்வு மனுவில, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு கோர்ட் போய்த் தோண்டாது. ஆர்டர் போட்ட முறை சரியான்னுதான் பார்க்கும். நாம தேட வேண்டியது உண்மையை இல்ல, ஓட்டையை."

அதனால் ஓட்டை தேடினேன். முதல் வேலை, அரசாங்கத்துக்கு முறையீடு. அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு கொடுக்கிற உரிமை இது: காவலில் இருப்பவரின் முறையீட்டைத் தாமதமில்லாமல் பரிசீலிக்க வேண்டும். அம்மா பெயரில் எழுதி உள்துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, 18-ஆம் தேதி அனுப்பினோம். அதே பேரில் கலெக்டருக்கும் ஒன்று, காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்துக்கும் ஒன்று. வக்கீல் மூன்று தடவை சொன்னார்: "ரசீதைத் தொலைச்சிடாதீங்க." நான் அதை மூன்று நகல் எடுத்து ஒன்றை லாமினேட்டும் செய்தேன். 22-ஆம் தேதி சேர்ந்ததாக முத்திரையோடு அட்டை திரும்பி வந்தது.

அப்புறம் புக்லெட்டை என் தொழில் கண்ணால் பார்த்தேன். 61-ஆம் பக்கம், அரசு ஆஸ்பத்திரி சீட்டின் நகல். டோனர் தீர்ந்த மெஷினில் எடுத்தது. வலது ஓரம் முழுக்கச் சாம்பல் பட்டை. ஒரு எழுத்தும் தெரியவில்லை. 84-லிருந்து 86 வரை இன்னொருவருக்கு ஜாமீன் கொடுத்த ஆங்கில உத்தரவு, தமிழாக்கம் இல்லை. தம்பி பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். வக்கீல் உற்சாகமாகிவிட்டார். 1999-இல் பவானம்மாள் என்பவரின் வழக்கில், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஓர் ஆங்கில ஆவணத்தின் தமிழாக்கத்தைக் கொடுக்காததற்காகவே உச்ச நீதிமன்றம் காவலை ரத்து செய்திருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியைப் பார்க்கும்போது கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து "அறுபத்தொன்னாம் பக்கம்! அறுபத்தொன்னாம் பக்கம்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பாட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஆகஸ்டில் அறிவுரைக் கழகம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வக்கீல் வாதாட முடியாது, சட்டமே அப்படி. நண்பர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று 1981-லேயே ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பதால் நானும் அம்மாவும் போனோம். தம்பியை வழிக்காவலோடு முந்தின ராத்திரியே கிளப்பியிருந்தார்கள். கட்டுப் பிரித்திருந்தது, சுண்டு விரல் மட்டும் வளைந்தே நின்றது. நான் இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர்கள் அம்மாவைத்தான் கேட்டார்கள், என்னம்மா சொல்லணும் என்று. "வெடி வச்சு எங்க வீட்டுச் சுவரு விரிஞ்சு போச்சுங்கய்யா, மழை வந்தா ஒழுகுது" என்றாள் அம்மா. ஒருவர் தலையாட்டினார். மூன்று நிமிடம் இருக்கும். காவலில் வைக்கப் போதிய காரணம் இருப்பதாக முடிவு வந்தது. அரசு 12 மாதத்துக்கு உறுதி செய்தது.

ஆட்கொணர்வு மனுவை அதற்குள் போட்டிருந்தோம். இடையில் இருந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஜெராக்ஸ், மனு பார்ப்பது, வாய்தா. கேன்டீன் கணக்கில் போடப் பணம். குவாரி வேலை நிற்கவில்லை. தம்பியின் சேக்காளிகள் ஒருவர்கூட மனு கொடுக்கப் போகவில்லை. அவனை உள்ளே வைத்தது அதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். ஒருவனைத் தூக்கினால் முப்பது வீட்டில் சத்தம் அடங்கும்.

நவம்பர் கடைசியில் இறுதி விசாரணை. அரசுத் தரப்பு, எங்கள் முறையீடு எந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தது என்று ஒரு பட்டியல் கொடுத்தது. சார்புச் செயலாளர் ஆகஸ்ட் 1. துணைச் செயலாளர் ஆகஸ்ட் 2. அமைச்சர் ஆகஸ்ட் 13. வக்கீல் 61-ஆம் பக்கத்தைத் தொடவே இல்லை. எழுந்து அந்தக் கடைசி இரண்டு தேதிகளை மட்டும் படித்தார். நடுவில் பத்து நாள். அதில் இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, 12-ஆம் தேதி பக்ரீத். விடுமுறை ஐந்து போக மிச்சம் ஐந்து நாள், கோப்பு ஏன் சும்மா கிடந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. ராஜம்மாள் வழக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் கோப்பு ஐந்து நாள் தங்கிவிட்டது என்ற காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைச் சொல்லி உட்கார்ந்தார். இந்த ஒரு காரணத்திலேயே ரத்து செய்வதால் மற்ற வாதங்களுக்குள் போகத் தேவையில்லை என்று உத்தரவு வந்தது.

வெளியே வந்து வராண்டாவில் நின்று அழுதேன். சந்தோஷம்தான். கூடவே ஒரு எரிச்சல். மாமாவின் டீக்கடை அன்று திறந்திருந்ததா என்று ஐந்து மாதத்தில் ஒருவர் கேட்கவில்லை. அந்தக் கோப்பு 5-ஆம் தேதியே நகர்ந்திருந்தால்? 61-ஆம் பக்கம் காப்பாற்றியிருக்குமோ என்னவோ.

குண்டாஸ் உடைந்தாலும் பழைய வழக்கு அப்படியே இருக்கும், அதற்குத் தனியாக ஜாமீன் எடுக்க வேண்டும். பலர் அன்றே ஆள் வந்துவிடுவான் என்று நினைத்து ஜெயில் வாசலில் நிற்பார்கள். வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர், சான்றிட்ட நகல் என்று எங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் ஆனது. தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த விரலோடு, அவனைக் கூட்டிப்போன அதே ஸ்டேஷனில்.

விரலுக்காக மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம் என்று நான் மனுவைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தேன். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். தம்பி "வேண்டாம்க்கா, வழக்கு முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தான். 2020 ஜூன் 17-ஓடு கெடு முடிந்தது. அடுத்த வாரம் சாத்தான்குளம் செய்தி வந்தது. ஜெயராஜும் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இடது கையால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். அம்மா டிவியை அணைத்தாள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதிசெய்யவில்லை என்று பிறகு எங்கோ படித்தேன்.

2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடிய ஏழு விவசாயிகள் மேல் குண்டாஸ் போட்டார்கள். கண்டனம் கிளம்பியதும் ஆறு பேருக்குச் சில நாளிலேயே அரசு திரும்பப் பெற்றது. எங்களுக்காகக் கிளம்ப யாரும் இல்லை. மாமா ஒரு தட்டி வைத்தார், அதையும் ராத்திரியோடு அவிழ்த்துவிட்டார்கள்.

போன மாதம் கடைக்கு ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இடுப்பில் குழந்தை. மஞ்சப் பையிலிருந்து நூல் தைத்த கட்டு ஒன்றை எடுத்து வைத்து, "முழுசா மூணு செட் போடணும்க்கா" என்றாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நூலைப் பிரிக்காமல் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவில்லாத பக்கங்களில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்தேன்.

"கவர்மென்ட்டுக்கு மனு அனுப்பிட்டீங்களா?"

"நேத்து அனுப்பினோம்."

"ரசீது எங்க?"

பர்ஸைத் திறந்து நாலாக மடித்ததை எடுத்துக் கொடுத்தாள். வாங்கி, லாமினேஷன் மெஷினை ஆன் செய்தேன். சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும், உட்காருங்க என்றேன்.