கூரையில் ஓடும் நாட்கள்

ஜூன் 4
இன்றும் அழைப்பு வரவில்லை. கைப்பேசியைக் கீழே வைக்க மனமில்லாததால் அந்த ஓட்ட விளையாட்டையே ஆடிக்கொண்டிருந்தேன். 1,840 மீட்டர்.

ஜூன் 5
2,112.

ஜூன் 6
மூன்று நாட்களாக ஒரே மாதிரியான இடத்தில் விழுகிறேன். தரை சட்டென்று முடியும் அந்த இடத்தில் திரையைத் தொட்டால் ஓட்டக்காரன் தலைகீழாகக் கூரைக்குப் போய்விடுகிறான். ஆனால் அந்தக் கூரையும் நான்கு எட்டு தூரத்தில் அறுந்து நிற்கிறது. காற்றில் மிதக்கும்போது எத்தனை முறை தொட்டாலும் ஈர்ப்பு மாறுவதில்லை. கால் ஏதேனும் ஒரு பரப்பில் பதிந்த பிறகுதான் அடுத்த தொடுதலுக்கு மதிப்பு உண்டு என்பதால், பதறித் தொட்ட தொடுதல்கள் எல்லாம் வீணாகின்றன. ஓட்டக்காரனை ஒரு கணம் நிறுத்தி வைக்க வழியே இல்லாததுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஜூன் 7
காரணம் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் ஓட்டக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டது விரலுக்கு எட்ட ஏறத்தாழ கால் வினாடி ஆகும். வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், ஓடும் திரையில் அதற்குள் 15 ஃப்ரேம்கள் கடந்துவிடுகின்றன. வேகம் கூடக் கூட அந்தப் பதினைந்துக்குள் அடங்கும் தூரமும் நீள்கிறது. ஆகவே பார்வையைத் திரையின் வலது ஓரத்தில் நிறுத்தி, ஓட்டக்காரனை ஓரக்கண்ணுக்கு விட்டுவிட்டேன். 2,790. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கண்ணாடி மங்கி, சிறு வட்டமாகத் தெரிகிறது. துடைத்தேன், மாலைக்குள் மீண்டும் வந்துவிட்டது.

ஜூன் 8
மணி ஒலித்தது. தவறான எண்.

ஜூன் 9
உறக்கமில்லை. 2009-இல் ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கிய கனபால்ட் நினைவுக்கு வந்தது. மொட்டை மாடிகளின் மேல் ஓடும் அந்த விளையாட்டில் ஈர்ப்பு கவிழாது. தொட்டால் தாவலாம், அவ்வளவுதான். வழியில் கிடக்கும் பெட்டிகளில் இடறினால் ஓட்டக்காரனின் வேகம் குறையும். வேகம் கட்டுக்கடங்காமல் போகும்போது வேண்டுமென்றே பெட்டியில் மோதித் தப்பிப்பது தேர்ந்தவர்களின் வழக்கம். இடறலையே பிடிமானமாக்கிய அந்த அமைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இப்போது நான் ஆடும் விளையாட்டில் அப்படிப்பட்ட பெட்டிகள் இல்லை. சுவரில் முட்டினால் திரை நம்மை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. விடியும் வரை ஆடினேன். எண்ணைக் குறித்து வைக்கவில்லை.

ஜூன் 10
காலை 11 மணி. அறுந்த கூரையை முதன்முறையாகக் கடந்தேன்! விளிம்புக்குச் சற்று முன்பே தொட்டுவிட்டதால் கீழே நகரும் பலகையில் கால் பதிந்தது. அங்கிருந்து உடனே மேலே, மறுபடி கீழே. 3,300-ஐத் தாண்டி, இதுவரை கண்டிராத பகுதிக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது திரையின் மேல் நான் காத்திருந்த அழைப்பின் எண் தோன்றியது. ஓட்டக்காரன் அப்போது தரைக்கும் கூரைக்கும் நடுவே இருந்தான்.