சிபில் ஸ்கோர் 612

இன்று மண்டபத்தில் வங்கியிலிருந்து வெளியே வந்து, பஸ் ஏறாமல் கடற்கரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கடன் இப்போதைக்கு இல்லையாம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர்; என்னுடையது 612.

என் சொந்தக் கடனில் ஒரு தவணைகூட நான் தவறவிட்டதில்லை. என் கணவர் படகு எஞ்சினுக்கு வாங்கிய கடனில் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். பிரிந்து மூன்று வருஷமாகிறது. அவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். பாக்கி என் பெயரிலும் ஏறிவிட்டது. பிரிந்து வாழ்ந்தாலும் சரி, விவாகரத்தே ஆனாலும் சரி, அந்தக் கையெழுத்து அப்படியேதான் நிற்கும். அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

என்னைப் போலத் தனியாக நிற்கும் அக்கா தங்கச்சிகளே, முதலில் உங்கள் கடன் கணக்கெல்லாம் இருக்கும் கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் உட்பட நான்கு கிரெடிட் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், ரிசர்வ் வங்கி விதி அது. எப்போதோ அடைத்து மீட்ட நகைக்கடன் ஒன்று என்னுடையதில் இன்னும் நிலுவையில் இருக்கிறது! புகார் கொடுத்துவிட்டேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

அப்புறம், பாக்கியைப் பேசிக் குறைத்துக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்து கடன் கேட்டுப் போகும் இடத்தில் அது இடிக்கும். அதனால் முழுசாகவே கட்டி 'குளோஸ்டு' ஆக்கப் போகிறேன். நண்டு கம்பெனிச் சம்பளத்தில் மாதம் 4,000 ரூபாய் அதற்கே போகும்.

உச்சிப்புளியில் பார்த்து வைத்த இரண்டு சென்ட் இடத்துக்காரரிடம் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். "உனக்குத்தான் தாயி, போ" என்றார்.