ஏஜென்ட் கையில் அட்மின் சாவி வேண்டாம்
ஏஐ ஏஜென்ட்டுக்கு (நமக்காகத் தானே டூல்களைக் கூப்பிட்டு வேலை செய்யும் ஏஐ நிரல்) டேட்டாபேஸ் டூல் இணைக்கும்போது பலரும் அட்மின் கணக்கையே கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். படிக்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு போதும். அழிக்கிற, பணம் அனுப்புகிற டூல்களுக்கு ஒரு மனிதர் ஒப்புதல் தரட்டும். "எதையும் அழிக்காதே" என்று பிராம்ப்ட்டில் (ஏஜென்ட்டுக்கு நாம் கொடுக்கும் அறிவுறுத்தலில்) எழுதி வைப்பது பாதுகாப்பே இல்லை. ஏஜென்ட் படிக்கிற மெயிலுக்குள்ளேயே யாராவது வேறு கட்டளையை ஒளித்து வைக்கலாம். தடை சர்வரில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ரேட் லிமிட், அதாவது குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு டூலை எத்தனை முறை கூப்பிடலாம் என்ற வரம்பு. பிழை வந்தால் மனிதர் சலித்துப்போய் நிறுத்திவிடுவார். ஏஜென்ட் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பில் எகிறும். டூலுக்கு டூல் வரம்பு தனியாக வேண்டும். தேடலுக்கு நிமிடத்துக்கு 60 என்றால், மெயில் அனுப்ப நான் 2-க்கு மேல் விடமாட்டேன். மீறினால் 429 (கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன என்று சொல்லும் HTTP பிழை எண்) திருப்பி அனுப்புங்கள். எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதைப் பிழைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். பதிலோடு தனியாக வரும் ஹெடர் பகுதியில் மட்டும் இருந்தால் பல நேரம் அது ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலின் கண்ணுக்கே போவதில்லை.