வார்த்த ஈயத்தை எங்கே வைப்பது: பாயான் லெப்பாஸ் நாட்குறிப்பு

6 செப்டம்பர் 2025, சனி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் மழை இல்லாத மாலை. பின்வாசலில் கேஸ் அடுப்பைப் போட்டு, நானும் மச்சானும் தூண்டில் குண்டு, அதாவது தூண்டில் நூலைத் தண்ணீருக்குள் இறக்கும் எடை, வார்த்தோம். பிள்ளைகள் மதியமே பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். காரீயத்துக்கென்றே (வெறுமனே ஈயம் என்று எழுதுவதும் இதைத்தான்) ஒரு இரும்புச் சட்டி, ஒரு கரண்டி வைத்திருக்கிறோம். இரண்டும் சமையலறைப் பக்கமே போகாது.

மச்சான் டயர் கடையிலிருந்து ஒரு வாளி பழைய சக்கர எடைகளை (கார் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டுவது) வாங்கி வந்திருந்தார். இப்போதெல்லாம் அதில் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. காரீயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் உருக ஏறத்தாழ 420 வேண்டும். தீயை அடக்கி வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் வாரி எடுத்துவிடலாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அதுவும் கலந்து, அச்சுக்குள் சரியாக ஓடாது.

வார்க்கும் விதத்தை எழுதியவர்கள் ஏராளம். வார்த்த பிறகு எப்படி வைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு. இங்கே கடற்காற்றும் ஈரப்பதமும் வருஷம் முழுக்க உண்டு. என்னைக் கேட்டால் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை அதைத்தான் எழுதப் போகிறேன்.

10 செப்டம்பர், புதன்

சனிக்கிழமை பளபளத்த குண்டுகள் இன்று மங்க ஆரம்பித்துவிட்டன. இது நல்லதுதான். காற்று பட்டு மேலே படியும் இந்த மெல்லிய சாம்பல் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. மினுமினுப்பு வேண்டும் என்று கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்காதீர்கள். படலமும் போகும், நச்சுத் தூளும் பறக்கும்.

கவலைப்பட வேண்டியது வெள்ளையாக, மாவு மாதிரி கிளம்பினால்தான்.

13 செப்டம்பர், சனி

இன்று பிரித்து வைக்கும் வேலை. பழைய கூரைத் தகட்டிலிருந்து வந்த காரீயம் மென்மையானது, நகம் அழுத்தினால் கோடு விழும். சக்கர எடையில் ஈயத்தை இறுக்கும் ஆன்டிமனி கொஞ்சம் கலந்திருக்கும், அது கடினம். தங்கூசியில் (நைலான் தூண்டில் நூல்) விரலால் நெரித்து மாட்டும் பொடிக் குண்டுக்கு மென்மையான ஈயம் வேண்டும். பாறையில் மோதும் பெரிய குண்டுக்குக் கடினமானதே மேல். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிவிட்டால் அடுத்த முறை உருக்கும்போது எது எதுவென்று தெரியாது. ஒவ்வொரு டப்பாவிலும் எந்த ஈயம், என்று வார்த்தது என்று எழுதி ஒட்டினேன்.

தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கிக்குண்டை வீட்டிலேயே வார்ப்பவர்கள், தோட்டாவில் பூட்டுவதற்கு முன் அதைச் சில வாரம் சும்மா வைத்திருப்பார்கள். ஆன்டிமனி கலந்த காரீயம், அதிலும் சுடச்சுடத் தண்ணீரில் போட்டு ஆற்றியது, நாள் போகப் போக இறுகும். வெறும் காரீயம் அப்படி இறுகாது. (இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, அந்த வேலை நமக்கு வேண்டாம்.) தூண்டில்காரனுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆனால் அவர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது: வார்த்ததை மொத்தமாகக் கொட்ட மாட்டார்கள், அடிப்பக்கம் நசுங்காமல் வரிசையாக அடுக்குவார்கள். நம் குண்டு நசுங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றோடொன்று உரசினால் கறுப்புத் தூள் கொட்டும், அது கையில் ஒட்டும். அதனால் நானும் அடுக்கித்தான் வைக்கிறேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசியா தினம், விடுமுறை. பத்து மாவுங் என்ற ஊரில் பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். "தம்பி, உங்க பெரியப்பா பெட்டி அப்படியே கிடக்கு, நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்றார். நல்ல பலகைப் பெட்டி, மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. திறந்தால் குண்டெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது. சிலவற்றில் நூல் கட்டும் கண்ணியைச் சுற்றியிருந்த ஈயமே உதிர்ந்துவிட்டது. உடனே மூடிவிட்டேன்.

ஈயத்துக்கு மரப்பெட்டி ஆகாது. மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். மூடிய பெட்டிக்குள் அது வெளியேற வழியின்றித் தங்கி, ஈரத்தோடு சேர்ந்து காரீயத்தை அரிக்கிறது. அப்புறம் காற்றிலிருக்கும் கரியமில வாயு அதை வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றுகிறது, அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த இடத்தை அரிக்கப் போகிறது. அதனால் கொஞ்ச அமிலமே நீண்ட காலத்துக்குப் போதும். முற்காலத்தில் ஐரோப்பாவில் வெள்ளைச் சாயம் செய்ததே இப்படித்தான்: மண்பானையில் வினிகரை ஊற்றி, மேலே காரீயச் சுருளை வைத்து, சாணக் குவியலில் புதைத்துவிடுவார்கள். சாணம் சூட்டையும் கரியமில வாயுவையும் கொடுக்கும். பெரியப்பா பெட்டிக்குள் நடந்தது அதன் மெதுவான வடிவம்.

ஓக் மரம் மிக மோசம். ஒட்டுப்பலகையும் அட்டைப்பெட்டியும்கூட வேண்டாம். அருங்காட்சியகங்களில் காரீய முத்திரைகளை மர இழுப்பறையிலிருந்து எடுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

வெள்ளைத் தூளை ஊதக் கூடாது, உலர்ந்த துணியால் துடைக்கவும் கூடாது. கையுறை போட்டு, ஈரத்துணியால் மூடி, பெட்டியோடு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி 'காரீயத் தூள், திறக்காதே' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆபத்தான கழிவை எடுக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும், குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பெரியப்பா தன் கையால் வார்த்தவை, மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் அதை மறுபடி உருக்க மாட்டேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

டப்பா வாங்கியாயிற்று. திருகு மூடியுள்ள பாலிஎத்திலீன் டப்பாக்கள். பிவிசி வேண்டாம் என்று விட்டேன், அதுவும் நாளடைவில் அமிலம் கசியவிடும். மூடியில் கசிவை அடைக்கிறேன் என்று வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசையை யாரும் பூச வேண்டாம், அதிலிருந்து வருவதும் அதே அசிட்டிக் அமிலம். ரொட்டி டின் எளிதாகக் கிடைக்கும், ஆனால் நம் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

மூடுவதற்கு முன் குண்டு நன்றாக உலர வேண்டும். தண்ணீரில் ஆற்றியவற்றின் கண்ணி ஓட்டைக்குள் ஒரு துளி ஒளிந்திருக்கும். அதை உள்ளே வைத்து மூடினால் காற்றுப்புகாத மூடியால் பயனில்லை. பின்னால் உருக்க எடுக்கும்போது அந்தத் துளி உருகிய ஈயத்துக்குள் போனால், நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். ஒருநாள் மின்விசிறிக் காற்றில் பரப்பி வைத்து, அப்புறம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடினேன். நெடுநாள் கிடக்கப் போகும் பெரிய குண்டுகளுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சும் கொடுத்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

டப்பாக்களை ஸ்டோர் அலமாரியின் மேல்தட்டில், பூட்டுக்குள் வைத்தேன். இரும்புத் தட்டுதான், பலகை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது தெளிவு: இரத்தத்தில் காரீயம் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. வாய்வழி போகும் காரீயத்தைச் சின்னப் பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும்.

பொடிக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கத்தைப் படித்துறையில் இன்னும் பார்க்கிறேன். அண்ணன்மாரே, தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு சின்ன இடுக்கி சட்டைப் பையில் அடங்கும். இரையும் நாசி லெமாக் சோறும் இருக்கிற பையில் ஈய டப்பாவைப் போடாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

இடையில் நல்ல மழை. இன்று டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வெள்ளை எங்கும் இல்லை. பெரிய குண்டுகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு மச்சானோடு தெலுக் கும்பார் கடற்கரைக்குப் போகிறேன். கொடுவா மீன் கிடைக்கும் என்கிறார்.

பொடிக் குண்டை இனி வார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அடியில் சிக்கி அறுந்து போகிறவை பெரும்பாலும் அவைதான். பிரிட்டனில் அன்னங்கள் கல்லென்று நினைத்து அவற்றை விழுங்கிச் செத்ததால், 28.35 கிராம் வரையிலான காரீய எடைகளில் பெரும்பாலானவற்றை விற்க 1987இல் தடை போட்டார்கள். வெள்ளீயத்தில் செய்த பொடிக் குண்டு விலை கூடத்தான். ஆனாலும் மென்மையாக இருக்கும், நெரிக்கவும் வரும். அதை வாங்கிக்கொள்கிறேன். கூரைத் தகட்டு ஈயம் டப்பாவிலேயே இருக்கட்டும்.