200 மணி நேரமும் புஜாராவின் 206-ம்

ஒருவழியாக நேற்று ராத்திரியோடு எங்கள் வீட்டு பிளாஸ்மா வகைத் தட்டை டிவி ஓடி 200 மணி நேரம் முடிந்தது. 2012 தீபாவளிக்கு வாங்கியது, 2013 பொங்கல் வரப்போகிறது. இந்த மின்வெட்டுக் காலத்தில் கோயமுத்தூரில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருப்பதில்லை, பிறகு எப்படி மணிக்கணக்கு ஏறும்?

புது பிளாஸ்மாவில் முதல் 100, 200 மணி நேரம் பாஸ்பர் என்கிற ஒளிரும் பூச்சு வேகமாகத் தேயும். அந்தச் சமயத்தில் ஒரே படம் ஒரே இடத்தில் நின்றால் அதன் சாயல் தங்கிவிடும். கான்ட்ராஸ்டைப் பாதிக்குக் கீழே வை, அசையாத படம் போடாதே, திரை முழுக்க நிரப்பிப் பார். இந்த மூன்றையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். வீட்டில் இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது?

கடைக்காரர்கள் முதல் தடவை டிவியைக் குட்டி யானையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அட்டைப்பெட்டியில் மேல்நோக்கி அம்புக்குறி பெரிதாகவே போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது அத்தனை பெரிய கண்ணாடி, நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்றான் பையன். நான் இறக்கவே விடவில்லை. வேறு பெட்டி வர மூன்று நாள், நடுவில் கடைக்கு ஒரு வெட்டி அலைச்சல். வாங்குகிறவர்கள் டெலிவரிக்கு வீட்டில் இருங்கள், லீவு போட்டாவது.

மாட்டிவிட வந்தவர் முதல் வேலையாக டைனமிக் மோடைத் தட்டினார். "அப்பத்தானுங்க பளிச்சுனு இருக்கும்." பிரேக்-இன், அதாவது புது டிவியை முதலில் மிதமாக ஓட்டிப் பழக்குவது பற்றிக் கேட்டேன். "அது வண்டிக்குங்க, டிவிக்கு எதுக்கு?" என்று சிரித்தார். கடையின் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வைத்திருக்கிற மோடு அது. அவர் செருப்பு மாட்டுவதற்குள் சினிமா மோடுக்கு மாற்றி, கான்ட்ராஸ்டை 40-க்கு இறக்கிவிட்டேன்.

ஸ்லைடு விஷயத்தில் தப்பு என்னுடையது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல் என்று முழுத்திரை நிறங்களைப் பென் டிரைவில் போட்டு, திரை ஒரே சீராகத் தேயட்டும் என்று ஓடவிடுவது வழக்கம். பேனல் 1024-க்கு 768 தானே என்று படங்களையும் அதே அளவில் செய்தேன். 42 இஞ்ச் பேனலில் அந்தப் புள்ளிகளே அகலவாக்கில் நீண்டவை என்பது அப்போது உறைக்கவில்லை. டிவி அதைப் பழைய சதுர டிவிப் படமாக எடுத்துக்கொண்டு இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை போட்டுவிட்டது. எதைத் தவிர்க்கப் போனேனோ அதையே! 1920-க்கு 1080 அளவில் மறுபடி செய்தபின்தான் சரியானது. அப்போதும் கீழே "எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன" என்கிற குறிப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதை மறைக்க ரிமோட்டில் தனியாக ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். ஸ்லைடு ஓடவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பெரிய அடி நவம்பர் 15. அகமதாபாத்தில் இங்கிலாந்தோடு முதல் டெஸ்ட். சேவாக் 117, சாயங்காலம் புஜாரா 98-ல் நிற்கிறார். நான் ஆபீஸில், அப்பா டிவி முன்னால். திரை நிரம்ப நான் இழுத்துவைத்திருந்த படத்தை அவர் பழைய அளவுக்கே மாற்றியிருக்கிறார். "ஆளுங்கெல்லாம் குண்டாத் தெரியறாங்க கண்ணு, சேவாக்குக்குத் தொப்பை வெச்சாப்பல இருக்குது." போதாக்குறைக்கு டைனமிக் மோடு. காலையிலிருந்து கீழே ஸ்கோர் பட்டை, இரண்டு பக்கமும் கறுப்பு.

ராத்திரி சாம்பல் ஸ்லைடு வந்தபோது பார்த்தேன். மழையில் கரைந்த கோலம் மாதிரி கீழே அந்தப் பட்டை. ஓரங்களில் நெட்டாக இரண்டு கோடு. வயிற்றைக் கலக்கியது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் இருபது நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு அம்மணி, "பர்ன்-இன் வாரண்டில வராதுங்க சார்" என்றார். பர்ன்-இன் என்று நான் சொல்லவே இல்லை, சாயல் தங்கியிருக்கிறது என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு. சாயல் நாளடைவில் போகும், பர்ன்-இன் திரையில் பதிந்துபோன தழும்பு, போகாது. சாயலைப் போக்க மெனுவுக்குள் வெள்ளைப் பட்டை ஓடவிடும் வசதி இருப்பதைக்கூட அவர் சொல்லவில்லை, நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

மூன்று ராத்திரி அதை ஓடவிட்டேன். கரண்ட் போகும், வரும். வந்தாலும் டிவி தானாக உயிர் பெறாது. அலாரம் வைத்து ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து ரிமோட்டை அமுக்கினேன். "கைக்குழந்தைக்குக்கூட நீங்க இப்படி எந்திரிச்சதில்லீங்க" என்றாள் வீட்டுக்காரி. இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று பார்த்தால், பிளாஸ்மா கரண்ட்டை இழுக்கிற இழுப்பில் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடுகிறது. ஒன்று சொல்ல வேண்டும், பகலில் நடுநடுவே கரண்ட் போயிருக்காவிட்டால் அந்தப் பட்டை இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கோயமுத்தூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் பட்டை மறைந்தது. புஜாரா அதற்குள் 206 அடித்து முடித்திருந்தார், ஆட்டமிழக்காமல்.

அதன்பின் பெரிதாகச் சிக்கல் இல்லை. ஓரப் பட்டையைக் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற்றினேன், அப்பாவுக்கும் சம்மதம். இப்போது கான்ட்ராஸ்ட் 60. ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், முகத்தைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோடு போய்விட்டது. பிரைட்னஸுக்கு என் கணக்கு ஒன்றுதான்: இருட்டுக் காட்சியில் தலைமுடி தனித்தனியாகத் தெரிய வேண்டும், கறுப்பு சாம்பலாக வெளுக்கக் கூடாது. வேறு யாரோ அவர்கள் டிவிக்கு வைத்த எண்களை அப்படியே போட்டுப் பார்த்தேன், என் பேனலில் எல்லார் முகமும் செங்கல் நிறம். கலர் டெம்பரேச்சரை வார்முக்கு மாற்றியதும் "எல்லாருக்கும் மஞ்சக் காமாலையா?" என்று அம்மா கேட்டார். இரண்டு வாரம் கழித்துப் பழைய மோடைப் போட்டுக் காட்டினேன். "ஐயோ, ஒரே நீலமா இருக்குது, மாத்து" என்றார்.

நேற்று 200 முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி சாம்பல் ஸ்லைடு போட்டேன். வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு. வீட்டுக்காரி ஒன்றுமே இல்லை என்கிறாள். அப்பா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டார். எனக்குத் தெரிகிறது.