வெயிலுக்கு விட்ட விடுமுறை

"வெயிலுக்காகத்தானே லீவு விடறீங்க டீச்சர், எங்க வீட்டுல மட்டும் வெயில் இல்லையா?" என்று, லீவிலும் தன் மகனை மையத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்ன ஒரு தாய் கேட்டபோது, அங்கன்வாடிப் பணியாளரான நான் சொன்ன பதிலில் பிழை எதுவும் இல்லை. மே மாதத்தில் அங்கன்வாடி மையங்களுக்கு 15 நாள் விடுமுறை என்பது அரசு ஆணை. அந்த நாள்களுக்குரிய சத்துமாவை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறோம். பூட்டிய மையத்தைத் திறந்து ஒரு குழந்தையை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் கிடையாது. இதைத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

சத்துமாவு கொடுக்கும்போது எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். பகல் 12 மணி முதல் 3 மணி வரை பிள்ளையை வெளியே விட வேண்டாம். விளையாட்டு மும்முரத்தில் சின்னப் பிள்ளைகள் தாகத்தைச் சொல்ல மாட்டார்கள், ஆகையால் கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். வீட்டில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தை இருந்தால் எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்தான், அடிக்கடி கொடுத்தால் போதும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பாதி பாதியாகப் போடாமல் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். கண்ணீர் வராமல் அழுதாலோ, சிறுநீர் குறைந்து மஞ்சளித்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்காதீர்கள். உடல் கொதித்து நினைவு தடுமாறினால் அதற்குக் காய்ச்சல் மருந்து கேட்காது, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மையும் அண்டாவையும் மூடி வையுங்கள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பன்னண்டு மணிக்கு எங்க வீட்டுக்குள்ள இருக்கிறதுதான் டீச்சர் கஷ்டம், வேப்பமரத்தடியே தேவலாம்" என்றார்.

அவர் வீடு எனக்குத் தெரியும். கையெட்டும் உயரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சன்னல் கிடையாது, மின்விசிறியைப் போட்டால் கூரையின் அனலைத்தான் கீழே தள்ளும். எங்கள் வேலூர்ப் பக்கம் அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம், வியர்ப்பதோ குறைவு; அதனால் உடல் விரைவில் சூடேறிவிடும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். 'வெளியே விடாதீர்கள்' என்ற அறிவுரை, வெளியைவிட வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பிச் சொல்லப்படுவது. அந்தத் தெருவில் காங்கிரீட் கூரையும் மின்விசிறியும் குடிநீரும் ஒருசேர இருக்கும் கட்டடம் எங்கள் மையம்தான்.

அவர் அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளுக்கு நிழல் அமைக்க வேண்டியிருந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மற்றவர்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்ததால், வேலை நடந்த ஏரிக்கரையில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்ததே இல்லை. பாட்டி இல்லாத இந்த ஒரு பிள்ளை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

நான் இசைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் எண்ணிப் பார்க்கிறேன். ஆயாவும் விடுப்பில் இருந்த நாள்களில் அந்தக் குழந்தை விழுந்து அடிபட்டிருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ யார் பதில் சொல்வது? ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது? ஜூனில் அவன் கழுத்திலும் முதுகிலும் வேனல் கட்டிகளோடு வந்தான். விடுமுறைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. மின்சாரம் போகும் நாள்களில் எங்கள் மையமும் புழுங்கத்தான் செய்கிறது, ஏப்ரலிலேயே பல பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்துவிடுகிறது.

பணியாளர்களுக்கு முறை வைத்து, சில மையங்களையாவது மே மாத நண்பகலில் திறந்து வைக்கலாமே என்று கூட்டத்தில் கேட்க நினைத்தேன். உடன் பணியாற்றும் ஒருவரிடம் சொன்னபோது, "வாயைத் திறக்காதீங்க அக்கா, கிடைச்ச லீவும் போயிடும்" என்றார். அவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. பள்ளிகளுக்கு உண்டே, எங்களுக்கு ஏன் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெற்ற நாள்கள் அவை. எங்களுக்கும் வீடும் பிள்ளைகளும் இருக்கின்றன. அந்தத் தாய் கேட்டதும் நியாயம், இவர் அஞ்சுவதும் நியாயம் என்று இருக்கும்போது, அடுத்த மே மாதத்துக்குள் எதைக் கேட்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.